சாங் சொல்லிக் குடுத்த சீனம்

இன்னைக்கு மத்தியானம் பதுளைக் கடைவீதியில ஒரு சீனத்துக்காரர் என் மானத்தை வாங்கிட்டார்.

லுணுகலைத் தேயிலைத் தோட்டமெல்லாம் பட்டுத்துணி மூட்டையோட சுத்திட்டு, நம்ம தையல் கடையில வந்து தங்குவாரே சாங், அவர்கிட்டதான் நான் ரொம்ப நாளா சீன பாஷை படிக்கிறேன். இன்னைக்கு அவரைத் தேடி அவங்க ஊர்க்காரர் ஒருத்தர் வந்தார். நானும் பெருமையா, "வாங்க, உட்காருங்க, சாப்பிட்டீங்களா"ன்னு சீனத்துலயே கேட்டேன்.

மனுசன் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறார். தெரிஞ்ச கொஞ்சத் தமிழ்ல, "நீங்க பேசுறது சின்னப் பொம்பளப் புள்ள பேச்சு"ன்னார்.

நான் சாங்கைப் பார்த்தேன். அவர் துணியை மடிச்சுக்கிட்டே சொன்னார்.

"எம் மகளுக்குப் பேசப் பழக்கினது நான்தான். வேற யாருக்கும் சொல்லிக் குடுத்ததில்ல. அவளுக்குச் சொன்ன மாதிரியே உங்களுக்கும் வந்துருச்சு."

அவர் கப்பல் ஏறினப்போ அந்தப் புள்ளைக்கு நாலு வயசாம். இது எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்.

வந்தவர் சிரிப்பை நிறுத்திட்டு, சாங்கிட்ட மெதுவா என்னவோ சொன்னார். நீளமான பேச்சு. அதுல "மகள்", "நல்லா இருக்கா"ங்கிறது மட்டும் எனக்குப் புரிஞ்சது. சாங் முகத்தைத் துடைச்சுக்கிட்டு, எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கிட்டு வந்தார்.

இனிமே பெரியவங்க பேசுற மாதிரி சொல்லித் தரட்டுமான்னு சாங் கேட்டார். வேணாம்னுட்டேன்.

தாடி வச்ச மனுசன் நான், அந்தப் புள்ள மாதிரிப் பேசினா என்ன குறைஞ்சு போச்சு, நீங்களே சொல்லுங்க.