கடைசிப் படம்

அண்ணனுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கிய அன்று, சேலத்தில் ஒரு பல் டாக்டரின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஏழு வயது, அவனுக்குப் பதினொன்று. உள்ளேயிருந்து வந்த சத்தம் அழுகை மாதிரி இல்லை. மூச்சு தீரும்வரை ஒரே சுருதியில் நீண்டு, நின்று, மறுபடி அதே இடத்திலிருந்து தொடங்கியது. அப்பாவும் இன்னும் இரண்டு ஆட்களும் அவனைப் போர்வையில் சுற்றி அமுக்கிப் பிடித்திருந்தார்கள். தலையைப் பிடித்திருந்தது அம்மா. கதவு திறந்தபோது அம்மாவின் முன்கையில் அவன் கடித்த இடம் கன்றிப்போயிருந்தது. டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “இன்னும் சில பல்லு இதே மாதிரி சொத்தையாயிட்டிருக்கு. அடுத்த தடவை மயக்க மருந்து குடுத்து மொத்தமா எடுத்துரலாம். இவனுக்கு எதுக்கும்மா பல்லு? கஞ்சி கரைச்சு ஊத்துனா இருந்துக்குவான்.” அப்பா தலையாட்டினார். அம்மா அவன் வாயில் வைத்திருந்த பஞ்சை மாற்றினாள்.

அம்மா கொல்லிமலையில் ஆலத்தூர் நாட்டுப் பக்கம் துணை சுகாதார நிலையத்தில் நர்ஸ். அதை ஒட்டிய குவார்ட்டர்ஸில்தான் நாங்கள் இருந்தோம். அப்பாவுக்கு நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை. சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் மேலே வருவார், ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் இறங்கிவிடுவார். அண்ணன் பேச மாட்டான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். யாராவது தலையைத் தொட்டால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவான். ஊரில் சிலர் காத்து கருப்பு என்றார்கள், சிலர் பாவம் என்றார்கள். சேலத்தில் ஒரு சிறப்புப் பள்ளி டீச்சர்தான் முதன்முதலாக அதற்கு ஆட்டிசம் என்று ஒரு பெயர் சொன்னார். பல் பிடுங்கிய பத்துப் பதினைந்து நாளில் அம்மா தனியாகப் பஸ் ஏறிப் போய் அந்த டீச்சரைப் பார்த்துவிட்டு வந்தாள். அவனுக்குப் பல் விளக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று கேட்டாளாம். “வாயால சொல்லாதீங்க, படமாக் காட்டுங்க. ஒவ்வொரு வேலையையும் சின்னச் சின்னதாப் பிரிச்சு, அவன் கண்ணு முன்னால வரிசையா மாட்டி வைங்க” என்றிருக்கிறார் டீச்சர்.

அம்மா முதலில் தானே வரைந்தாள். தடுப்பூசிச் சார்ட்டின் பின்பக்கத்தில் ஒரு வட்டமுகம், கையில் பிரஷ், பக்கத்தில் செம்பு. அண்ணன் அந்தத் தாளின் ஓரத்தை மட்டும் விரலால் தடவினான், பிறகு கிழித்தான். கோடுகள் அவனுக்கு முகமாகத் தெரியவில்லை. ஆனால் எங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தை அவன் மணிக்கணக்கில் பார்ப்பான். சித்தி கல்யாணத்தில் நான் நிற்கும் படம் வந்தால் அதன்மேல் விரலை வைத்துவிட்டு என்னைப் பார்ப்பான். வேறு யாரையும் அவன் அப்படி நேருக்கு நேர் பார்த்ததில்லை. அதனால் அந்த வரிசையில் நிற்க வேண்டியது நான்தான் என்று முடிவாயிற்று.

மலையடிவாரத்து ஊரில் ஸ்டுடியோ வைத்திருந்த பாய் ஒருவர், சந்தை நாளில் கேமராவோடு மேலே வருவார். அம்மா சொன்னதைக் கேட்டுவிட்டு, “ஏனுங்க நர்சம்மா, பல்லு வெளக்கறதப் போயி படம் புடிக்கச் சொல்றீங்களே” என்று சிரித்தார். விஷயம் புரிந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியருகே என்னை நிற்கவைத்து ஒவ்வொன்றாக எடுத்தார். பிரஷை நனைப்பது, முன்பல்லில் வைப்பது, வலப்பக்கம், இடப்பக்கம், துப்புவது. பேஸ்ட்டின் காரத்தை அவன் தாங்க மாட்டான் என்பதால் வெறும் தண்ணீர்தான். “முடிந்தது” என்பதற்கு நான் சிரித்துக்கொண்டு நிற்கும் ஒரு படம் பாக்கி இருக்கையில் பிலிம் தீர்ந்துவிட்டது. அடுத்த சந்தைக்கு வருகிறேன் என்றார். அந்த வாரம் மழையில் மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டது. அவர் மறுபடி வருவதற்குள் எனக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது.

“சிரி கண்ணு, நல்லா சிரி” என்றார் பாய். நான் சிரித்தேன். ஓட்டைப்பல் அழகாக இருப்பதாக அம்மாகூடச் சொன்னாள்.

படங்களைக் காலண்டர் அட்டையில் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி, தொட்டிக்கு மேல் சுவரில் வரிசையாக மாட்டினோம். காலையில் பனி விலகாத நேரத்தில் அம்மா அவன் பின்னால் நின்று, அவன் விரலைப் பிடித்து முதல் படத்தின்மேல் வைப்பாள். பிறகு அந்தக் கையிலேயே பிரஷைக் கொடுப்பாள். பல நாள் பிரஷ் பறந்து போய்க் கொத்துமல்லிப் பாத்தியில் விழுந்தது. பல நாள் அவன் அம்மாவைக் கீறினான். ஆனால் மிளகு பறிக்கிற காலம் வந்தபோது அவனாகவே பிரஷை நனைத்து வாயில் வைக்க ஆரம்பித்திருந்தான். அம்மா மருந்து கொடுக்கப் போகிற வீடுகளிலெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஆனால் ஒன்று மட்டும் சரியாகவில்லை. அவன் முடிக்கவே மாட்டான். கடைசிப் படத்துக்கு வந்ததும் அதன் முன்னால் நின்று, வாய்க்குள் விரலை விட்டு முன்பல்லைத் தள்ளுவான். முனகுவான். மறுபடி முதல் படத்துக்குப் போய் முதலிலிருந்து தொடங்குவான். ஈறில் ரத்தம் வரும்வரை தேய்ப்பான். “போதும் சாமி, முடிஞ்சுது, வா சாமி” என்று அம்மா இழுத்தால் தொட்டியைக் கட்டிக்கொண்டு கத்துவான். பிடிவாதம் என்று நினைத்தோம். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள்.

ஒருநாள் காலை நான் பள்ளிக்கூடத்துக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தேன். பின்பக்கம் ஏதோ மோதுகிற சத்தம் கேட்டது. நின்று, மறுபடி கேட்டது. அம்மா ஓடினாள், பின்னால் நானும். அண்ணன் தொட்டியின் சிமெண்டு விளிம்பில் வாயை இடித்துக்கொண்டிருந்தான். நாங்கள் போய்ப் பிடிப்பதற்குள் அது முடிந்துவிட்டது. மோவாயெல்லாம் ரத்தம். தொட்டித் தண்ணீரில் அவன் முன்பல் ஒன்று கிடந்தது. அவன் கத்தவில்லை. கடைசிப் படத்துக்கு நேரே போய் நின்று, உதட்டைத் தூக்கிப் படத்தைப் பார்த்தான். பிறகு பிரஷைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போய்ச் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தான். அவ்வளவு அமைதியாக அவனை நான் பார்த்ததில்லை.

அம்மா படத்தைப் பார்த்தாள். அதற்கு முந்தைய படங்களைப் பார்த்தாள். முந்தையவற்றில் எனக்கு எல்லாப் பல்லும் இருந்தன. தொட்டியடியில் ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். “காட்டுனதத்தான் செஞ்சிருக்கான். அப்படியே செஞ்சிருக்கான்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான் அழ ஆரம்பித்ததும் என்னை இழுத்து அணைத்து, “நீ என்ன கண்ணு பண்ணுவ” என்றாள். பிறகு எழுந்து உள்ளே போனாள். ரத்தம் நிற்கும்வரை உதட்டில் துணியை அழுத்திக்கொண்டு அவனுடன் இருந்தாள். அன்று மட்டும் அவன் தன் முகத்தை அவள் தொடவிட்டான்.

சனிக்கிழமை அப்பா வந்தார். படங்களைச் சுவரிலிருந்து பிய்த்து எறிந்தார். “படங்காட்டிப் படங்காட்டிப் பையன் பல்ல ஒடைச்சுப்புட்டயே. டாக்டர் சொன்னப்பவே எடுத்திருந்தா இந்த ரத்தம் வந்திருக்குமா?” அம்மா எறிந்தவற்றைப் பொறுக்கிக்கொண்டே பதில் சொன்னாள். “அவனுக்கு ஒண்ணும் புரியாதுன்னு ஊரே சொல்லுச்சுங்க. நீங்களும் சொன்னீங்க. அவனுக்கு எல்லாம் புரியுதுங்க. காட்டுறதுக்குத்தான் நமக்குத் தெரியல.” அப்பா அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பல வருடம் அவர் அண்ணனின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை; கைச்செலவுக் காசில் மிச்சம் பிடித்து வாங்கிவரும் பன்ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

அம்மா பாயை மறுபடி வரச்சொன்னாள். இந்த முறை கடைசிப் படத்தில் யாரும் இல்லை. கழுவிய பிரஷ் டம்ளரில் நிற்கிறது, அவ்வளவுதான். அண்ணன் பிரஷை டம்ளரில் வைத்தான், படத்தைப் பார்த்தான், போனான். ஒரே வாரத்தில் அது பழகிவிட்டது. பிறகு ஒரு காலையில்கூட அவன் அதைத் தவறவிட்டதில்லை. இன்று இதே வேலைக்கு அச்சடித்த வண்ண அட்டைகள் கிடைக்கின்றன. போனில் காட்டுகிறார்கள். ஒரு சிறப்புப் பள்ளியில் பிள்ளைகளுக்கு அவற்றை நான் எடுத்துக் காட்டும்போது, வரிசையில் ஒவ்வொரு படத்தையும் அதற்கு அடுத்த படத்தோடு சேர்த்து நெடுநேரம் பார்ப்பேன். உடன் வேலை செய்பவர்கள் என்னை அதற்காகக் கேலி செய்வதுண்டு.

பதினாறு வயதில் அண்ணனுக்கு வலிப்பு வர ஆரம்பித்தது. அதற்குக் கொடுத்த மாத்திரையில் ஈறு வீங்கும். அவன் விடாமல் விளக்கினான். இருபதைத் தாண்டியிருந்தபோது, ஒரு மழைக்கால மத்தியானம், வந்த வலிப்பு நிற்கவேயில்லை. வாடகை ஜீப்பில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் மடியில் போய்விட்டான். ஜீப்பைத் திருப்பி மேலேயே கொண்டுவந்தோம்.

குளிப்பாட்டி வெள்ளை வேட்டி கட்டிய பிறகு, வாய் திறந்துகொள்ளாமல் தாடையைத் துணியால் கட்ட ஜெபக்கூட்டத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். “ஒரு நிமிஷம் பொறுங்கய்யா” என்றாள் அம்மா. அண்ணனின் மோவாயை இறக்கி, நர்ஸ் பையிலிருந்த டார்ச்சை அடித்து, வலப்பக்கம், இடப்பக்கம், மேலே, கீழே என்று பொறுமையாகப் பார்த்தாள். உயிரோடு இருந்தவரை அவன் அப்படிப் பார்க்க விட்டதேயில்லை. பிறகு சுவரோரமாக நின்றிருந்த அப்பாவைக் கூப்பிட்டாள்.

“இங்க வாங்க. ஒரு பல்லுகூட புதுசா சொத்தையாகல, பாருங்க.”

அப்பா வந்து குனிந்தார். அம்மா டார்ச்சை அவர் கையில் கொடுத்தாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பெரியவர் துணியோடு காத்திருந்தார்.