மூணாம் மாடிக்கு ஒரு கேர் பிளான்

நர்ஸ் வேலையில ஊசி போட ஒரு நிமிஷம். போட்டேன்னு எழுத ஒரு பொழுது.

இதைப் படிக்க சக சிஸ்டர்மாரே, உங்க கோட்டுப் பையிலயும் பேனா மை ஒழுகியிருக்கும், அதனாலதான் உங்ககிட்ட புலம்புதேன். நான் இருக்கது பாளையங்கோட்டையில ஒரு ஆஸ்பத்திரி, ஆப்பரேஷன் ஆன பெண்கள் வார்டு. எங்க சூப்பர்வைசர் சிஸ்டர் ஒருநாள் உத்தரவு போட்டாவ. எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுதப்பிடாதாம். ஒவ்வொரு நோயாளிக்கும் தனியா கேர் பிளான் வேணுமாம். அவங்க பிரச்சினை என்ன, இலக்கு என்ன, நாம என்ன செய்யணும், செஞ்சு என்ன ஆச்சு, அத்தனையும் அவங்களுக்கே உரியதா இருக்கணுமாம். சரி சரின்னு தலையாட்டிட்டு வந்தேன். அப்புறம் நான் பட்ட பாடு இருக்கே!

எனக்கு மட்டும் ஏன் ஒண்ணு?

முதல் பிளான் மேலப்பாளையம் சபுரா லாத்தாவுக்கு. சுகர், கால்ல ஆறாத புண். ஒரு பக்கத்துல முடிஞ்சிது. பக்கத்துக் கட்டில் பேச்சியம்மாக்காவுக்கு இடுப்பெலும்பு முறிஞ்சு பிளேட் வச்சிருந்தது, அதனால ரெண்டு பக்கம் ஆயிப்போச்சு. ரெண்டையும் கட்டில்ல மாட்டிட்டுத் திரும்புதேன், லாத்தா மூஞ்சி உர்ருனு இருக்கு.

"அவளுக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணா? ஏம்மா, என் நோயி என்ன அவ்வளவு எளக்காரமா?"

இலைக்கா?

இலக்குங்கிற கட்டத்துல நோயாளி வாயால சொன்னதைத்தான் எழுதணும். பேச்சியம்மாக்காகிட்ட பவ்யமா, "உங்க இலக்கு என்னக்கா?"ன்னு கேட்டேன். "இலைக்கா? அதான் எஸ்டேட்டை விட்டே எறங்கியாச்சே, இனி என்ன இலை?"ன்னாவ. மாஞ்சோலை மலையில ஆயுசு பூரா தேயிலைக் கொழுந்து எடுத்தவுக காதுல அது அப்படித்தான் விழும். சிரிச்சு முடிச்சு, வெவரமா கேட்டேன். எஸ்டேட்டை மூடி எல்லாரையும் கீழ இறக்குனபிறகு அவுக பேருக்கு ஒரு அடுக்குமாடி வீடு கிடைச்சிருக்கு. மூணாம் மாடி, லிப்ட் கிடையாது. குடிபோன வாரமே டைல்ஸ் தரையில வழுக்கி விழுந்துட்டாவ. படி ஏற முடியலன்னா வீட்டைப் பூட்டிட்டு, மகன் திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போயிருவான்.

"எஸ்டேட் லயன் வீடு கம்பெனி வீடு தாயி. இதுதான் என் பேர்ல உள்ள மொத வீடு, எழுதிக்க, மூணாம் மாடி."

அப்படியே எழுதுனேன்.

நடக்க மாட்டேங்காவ

எழுதியாச்சு, நடக்கணும்லா? பிசியோ தம்பி வாக்கரைக் கொண்டாந்து வச்சான். ரெண்டு எட்டு வச்சதும் கண்ணை இறுக்க மூடிட்டு நாற்காலியில உக்காந்துட்டாவ. மறுநாளும் அதே கதை. கெஞ்சிப் பாத்தேன், அதட்டிப் பாத்தேன். மகன் வேற ரயிலுக்கு டிக்கெட் பாக்க ஆரம்பிச்சிட்டான். வலி மாத்திரை போட்டாச்சு, பிறகும் என்னதான் பயம்னு கேட்டேன்.

"மேடு பள்ளமே இல்லாத தரையில மனுசி எங்கன காலை ஊனுவா?"

வட்டலப்பம்

இதுக்கிடையில சபுரா லாத்தா பக்கத்துக் கட்டில் பிளானை மனப்பாடம் பண்ணிட்டாவ. "பேச்சி, மூச்சை இழு! பேச்சி, காலை ஆட்டு!"ன்னு வார்டே அதிருது. பேச்சியம்மாக்கா சும்மா இருப்பாவளா? லாத்தாவோட பிளானை அவுக பிடிச்சிக்கிட்டாவ. ஒருநாள் நான் உள்ள நுழையுதேன், "சிஸ்டரு, லாத்தா தலகாணிக்கு அடியில வட்டலப்பம்!"னு கத்துதாவ. சுகர்காரவுக தொடவே கூடாத அந்த இனிப்புப் பொட்டலத்தைப் பறிச்சபிறகுதான் எனக்கு உறைச்சிது. கட்டில்ல படுத்துக்கிட்டு அதைப் பாத்திருக்க முடியாதே! லாத்தாவுக்கு வந்ததே கோபம்.

"நடக்கச் சொன்னா மாட்டேங்க, என் தலகாணியைப் பாக்க மட்டும் எந்திச்சு வாரியோ?"

ஏத்தம்

பேச்சியம்மாக்காவை எக்ஸ்ரே எடுக்கக் கீழ கூட்டிட்டுப் போயிட்டுத் திரும்பையில லிப்ட் மக்கர் பண்ணிட்டு. வீல்சேரை ஸ்ட்ரெச்சர் போற சாய்வுப் பாதையில தள்ளுனாவ வார்டு அண்ணாச்சி. பாதி தூரத்துலயே அவருக்கு மூச்சு இரைக்குது. பேச்சியம்மாக்காவுக்குப் பொறுக்கல. "அவரை நிக்கச் சொல்லுங்க, பாவம். நான் நடக்கேன்"ன்னு கூட வந்த பிசியோ தம்பிகிட்ட வாக்கரைக் கேட்டு வாங்கிட்டாவ. முதுகுல கொழுந்துக் கூடை இருக்க மாதிரி முன்னால சாஞ்சு, பைய ஒரு எட்டு, இன்னொரு எட்டு, அடுத்தாப்ல கடகடன்னு! பிசியோ தம்பி இடுப்புப் பட்டையைப் பிடிச்சிட்டுப் பின்னாலயே ஓடுதான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துட்டு. எதிர்ல வந்த சூப்பர்வைசர் சிஸ்டர் வாயைப் பொளந்து நின்னாவ. அவுகளைப் பாத்து அக்கா சொன்னது:

"எம்மா, இப்படி ஒரு ஏத்தம் இருக்குன்னு மொதல்லயே சொல்லியிருக்கப்பிடாதா?"

பிளான்ல நடை பழக்குற இடம் "வராந்தா"ன்னு இருந்ததை அடிச்சிட்டு "சாய்வுப் பாதை"ன்னு எழுதுனேன். அதுக்கு அப்புறம் படி. ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது நொந்த கால் முதல்ல. சபுரா லாத்தா படிக்குக் கீழ வீல்சேர்ல உக்காந்து, "ஏற நல்லது! எறங்க நொந்தது!"ன்னு சத்தம் குடுக்க, வார்டே கூடச் சேந்து கத்துது. யாரையோ பாக்க ஆரஞ்சுப் பழப் பையோட வந்த ஒரு பெரியவர் மிரண்டு போய் என்கிட்ட கேட்டாரு.

"இது எந்தக் கட்சிம்மா?"

போன்

டிஸ்சார்ஜ் ஆகிப் போன அன்னைக்குச் சாயந்திரம் போன் வருது. மகன்தான் பேசுனான்: "சிஸ்டர், அம்மா மாடி ஏறிட்டாவ. டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டேன்." நான் போட்ட கூச்சல்ல வார்டே திரும்பிப் பாத்துது. லாத்தா "அல்ஹம்துலில்லா"ன்னு கையை ஏந்திட்டாவ. போனை அக்காகிட்ட குடுக்கச் சொல்லி, அடுத்த வாரம் செக்கப்புக்கு வரணும்னு ஞாபகப்படுத்துனேன். அவுக குரல்ல அப்படி ஒரு தெம்பு.

"டாக்டரை இங்கன வரச் சொல்லு தாயி. இந்தப் பிறவிக்கு ஒரு தடவ எறங்குனது போதும்."

தனித்தனியா எழுதுங்கன்னு மேலிடம் சொல்லுது, ஆனா எங்க வார்டுல தனியா இருக்கது என் பேனா ஒண்ணுதான், அதுவும் லாத்தா தன் பிளானுக்கு ரெண்டாம் பக்கம் எழுத இரவல் வாங்கிட்டுப் போயிட்டாவ.