குழுவின் கடைசிச் செய்தி

ஏற்காடு மலையில் கொட்டச்சேட்டுக்குக் கீழே, காப்பி எஸ்டேட்டில் எங்கள் லைன் வீடுகள். பஸ் மேல் வளைவோடு நின்றுவிடும். அங்கிருந்து செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. பனி இறங்கிவிட்டால் காட்டெருமை எதிரே நிற்பதுகூடத் தெரியாது. அதனால் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் குரல் கொடுத்துக்கொண்டே வருவார்கள். முதல் வீட்டிலிருந்து பதில் குரல் போகும். வருகிற குரல் பாதியில் நின்றுவிட்டால் டார்ச்சோடு நாலு பேர் கிளம்பிவிடுவார்கள். தண்ணீர்க் குழாயில் என்னோடு மல்லுக்கு நிற்கும் முதல் வீட்டுக்காரிகூட எனக்குப் பதில் குரல் கொடுத்திருக்கிறாள்.

பிறகு லைனுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு வந்தது. காலையில் ரோஜாப்பூ, ராத்திரியில் நிலா. எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் தொண்டை கிழியக் கத்த வேண்டாமே என்று எல்லோருக்கும் வசதியாகிவிட்டது. "ஊட்டுக்கு வந்துட்டனுங்க" என்று போட்டால் போதும். வீட்டுக்குள் நுழைந்தால் அடுப்பும் பிள்ளைகளும் பிடித்துக்கொள்ளும், மறந்துபோகும் என்று வளைவில் இறங்கியதுமே போட்டுவிடுவோம். இறங்கியாச்சு என்றால் வந்தாச்சு மாதிரிதானே.

பக்கத்து வீட்டு அண்ணனும் அப்படித்தான் போட்டார். ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் இரவு வேலையில் இருந்த அவர் மனைவி அதைப் பார்த்து நிம்மதியானார். நாங்களும் ஆளுக்கொரு கட்டைவிரலை வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டோம். காலையில் காப்பிப் பழம் பறிக்கப் போனவர்கள்தான் பாதையோரம் அவரைக் கண்டார்கள். காட்டெருமை முட்டியிருந்தது. கொஞ்ச தூரம் தவழ்ந்து வந்திருந்தார், எங்கள் வீடுகள் பக்கமாக.

என்ன பெரிய குழு என்று ஆத்திரம் வருகிறது. அது இன்னும் எல்லோர் போனிலும் இருக்கிறது. அவர் வரியும், அதன் கீழே எங்கள் கட்டைவிரல்களும். அதற்குப் பிறகு யாரும் எதுவும் போடவில்லை, விலகவும் இல்லை. திறந்து பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்போது மறுபடியும் குரல் கொடுக்கிறோம். நேற்றுச் சாயங்காலமும் நல்ல பனி. கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகும் அண்ணன் மனைவி மட்டும் வாசலில் நின்றிருந்தார்.

"எல்லாரும் வந்துட்டாங்கக்கா. கதவச் சாத்திக்கங்க, நொம்பக் குளுருது" என்றேன்.

"நீ உள்ள போ கண்ணு" என்றார், பாதையைப் பார்த்தபடியே. "ஊட்டுக்கு வந்துட்டேன்னு சொன்ன மனுசன், கதவு சாத்தியிருந்தா எங்க போவாரு?"