எங்கள் பாண்டும் ஒரு பஸ்தியானும்

பாண்டு வாசிப்பது சிரிப்பையும் அழுகையையும் வாடகைக்கு விடுகிற தொழில். வாங்குகிற திட்டு மட்டும்தான் நமக்குச் சொந்தம். ஒருத்தன் செய்த வேலைக்குக் கூட்டத்தோடு திட்டு வாங்கியவரா நீங்கள்? அப்படியென்றால் நம்ம ஆள்தான், கிட்ட வந்து இருங்கள்.

வெள்ளைக்காரன் காலத்தில் கொட்டாஞ்சேனையில் எங்களுடையது ஏழு பேர் பாண்டு. நான் பெரிய மேளம். முன்னால் நின்று கொர்னெட் ஊதுகிறவன் பஸ்தியான். ஊதினால் தேன்தான், ஆனால் அவசரக்காரன், பிடிவாதக்காரன். அவன் போகிற வேகத்தில்தான் மற்ற ஆறு பேரும் போகவேண்டும். வேதக்கோயில் பெருநாள் ஊர்வலம்தான் எங்களுக்குச் சோறு போட்டது. அது கைவிட்டுப் போனால் துறைமுகத்தில் மூட்டை தூக்க வேண்டியதுதான்.

டிராமை முந்திய சவம்

ஒரு செத்தவீடு. உச்சி வெயில். அடக்கம் முடிந்தால் ஆளுக்கு ஒரு கிளாஸ் சாராயம் என்று யாரோ பஸ்தியானின் காதில் போட்டுவிட்டார்கள். மெதுவாக ஊத வேண்டிய பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினான். என் கையும் சொல்வழி கேட்கவில்லை. பெட்டி தூக்கியவர்கள் மேளத்துக்குக் கால் வைக்கிறவர்கள். அவர்களும் எட்டி நடந்தார்கள். வழியில் ஒரு டிராம் வண்டியையே முந்தினோம். சேமக்காலைக்குப் போனால் குழி வெட்டி முடியவில்லை! வெட்டுகிறவன் இடுப்பளவு பள்ளத்தில் நின்று எங்களை முழிசிப் பார்த்தான்.

செத்தவரின் மனைவி மூச்சு வாங்கியபடி கடைசியாக வந்து சேர்ந்தார். அழப்போகிறார் என்று பார்த்தால், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "உயிரோட இருக்கேக்கை அந்த மனுசன் ஒருநாளும் இவ்வளவு கெதியா நடந்ததில்லை!"

பால் இல்லாத தேத்தண்ணி

வெள்ளவத்தையில் ஒரு கலியாணம். யுத்தகாலம், பாலுக்குத் தட்டுப்பாடு. மாப்பிள்ளை வீட்டாருக்குப் பால் தேத்தண்ணி, எங்களுக்கு வெறும் தேத்தண்ணி. நாங்கள் குடித்துவிட்டோம், பஸ்தியான் கோப்பையைத் தொடவே இல்லை. மாப்பிள்ளை காரை விட்டு இறங்கியதும் ஊதினான் பாருங்கள், சவத்துக்கு ஊதுகிற பாட்டு! எங்களுக்கு யோசிக்க எங்கே நேரம்? பழக்கதோஷம், ஆறு பேரும் சேர்ந்துகொண்டோம். அதுவும் அன்றைக்குப் பார்த்து மெதுவாக, உருக்கமாக. வாசலில் நின்ற கந்தோர் உத்தியோகத்தர் ஒருவர் தன்னையறியாமல் தொப்பியைக் கழற்றினார்.

பெண்ணின் தகப்பன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்: "ராசாமார், பால் ஊத்தியே தாறன். என்ர மருமோனை மட்டும் புதைச்சுப் போடாதையுங்கோ!"

புனிதரின் ஓட்டம்

இந்தக் கதை கோயில் வரைக்கும் போய்விட்டது. பெருநாளில் இப்படி ஏதும் நடந்தால் அடுத்த வருடம் வேறு பாண்டு என்று பங்குச் சுவாமியார் சொல்லிவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. எல்லாரும் கூடிப் பேசிப் பஸ்தியானை விலக்கினோம். கிளாரினெட் பீற்றரை முன்னால் விட்டு, எருமை மாதிரி நிதானமாக நடந்து பழகினோம்.

பெருநாளன்று புனிதரின் சொரூபத்துக்கு முன்னால் ஆடி அசைந்து போகிறோம், என் முதுகில் ஏதோ இடித்தது. திரும்பினால் பூமாலையோடு புனிதரே நிற்கிறார்! சொரூபம் தூக்குகிறவர்களில் முன்னால் தோள் கொடுத்தவன் பஸ்தியான். நேர்த்திக்கடனாம், யார் தடுக்க முடியும்? அவன் காலை எட்டிப் போட, சொரூபம் சரிந்துவிடும் என்ற பயத்தில் மற்றவர்களும் எட்டிப் போட்டார்கள். இடி தாங்காமல் நாங்கள் ஓடினோம். கொடி பிடித்தவர்கள் ஓடினார்கள். செபமாலை சொன்ன பெண்கள் பாதிச் செபத்தை விழுங்கிக்கொண்டு ஓடினார்கள்.

கோயில் வாசலில் நின்றபோது, பிழைப்பு போச்சே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. சுவாமியார் வியர்வையைத் துடைத்தபடி என்னிடம் வந்தார்: "அடுத்த வருசமும் நீங்கள்தான். ஆனால் அவனைத் திரும்ப எடுங்கோ. உள்ளுக்கு இருந்தால் பாண்டு மட்டுந்தான் கெடும். வெளியில விட்டால் கோயிலே ஓடுது!"

தொல்லைக்குத் தொப்பியும் சீருடையும் கொடுத்து, கெஞ்சிக் கூப்பிட்டு முன்னால் நிறுத்திய பாண்டு கொழும்பில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.