ஸ்டீபன் அண்ணன் கேட்டுப் படித்த பக்கம்

இந்த வாரமும் என் கையெழுத்தோடு மல்லுக்கட்டப் போகிற பத்திரிகை ஆபீஸ்காரர்களிடம் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். சின்ன ர, பெரிய ற... இன்னும் பிடிபடவில்லை. திருத்திப் போட்டுவிடுங்கள்.

'கம்ப்யூட்டரில் பேனர் டிசைன் பண்ணுகிற ஆள், இதையும் டைப் அடித்துக் கொடுத்தால் என்ன?' என்று நீங்கள் கேட்பது புரிகிறது. அடிக்கலாம். ஆனால் டைப் அடிக்க உட்கார்ந்தால், இரண்டாவது வரியிலேயே எழுத்துக்கு நிழல் கொடுக்கத் தோன்றுகிறது. நாலாவது வரியில் ஓரத்தில் ரோஜாப்பூ வைத்துவிடுகிறேன். தொழில் புத்தி!

அந்தப் புத்திதான் போன மாதம் என்னை மாட்டிவிட்டது.

அம்பத்தூரில் இருக்கும் என் கடைக்கு ஸ்டீபன் அண்ணன் வந்தார். ஆவடிக்காரர். பிறவியிலேயே கண் தெரியாதவர். கீபோர்டில் கை வைத்தால் மண்டபமே எழுந்து ஆடும். கல்யாண ரிசப்ஷன்களுக்கு வாசிக்கிற பாட்டுக்குழு ஒன்றை நடத்துகிறார். ஆனால், வாய்ப்பெல்லாம் ஒரு ஏஜென்ட் வழியாகத்தான் வரும். மேடையில் தொங்குவது ஏஜென்ட் பெயர் போட்ட பேனர். அதை அடித்துக் கொடுத்தவனே நான்தான்!

"நைனா, தை மாசத்துலேர்ந்து என் பேர்லயே பண்ணலாம்னு கீறேன். ஒரு வெப்சைட் போட்டுக் குடு" என்றார். "ஞாயித்துக்கெழம ஏஜென்ட்டு போன் பண்ணுவாரு. தை முகூர்த்தத்துக்கு அவரோட கீறியா இல்லியான்னு பதில் சொல்லணும். பக்கம் ரெடின்னா, இல்லேன்னுடுவேன். ரெடியாவலேன்னா, அவரு பேனருக்குக் கீழயே உக்காந்துக்க வேண்டியதுதான்."

"போட்டுடலாம்ணே."

"ஒரே கண்டிஷன். என் பேரு போட்ட பக்கத்த நானே படிக்கணும். எந்தத் தேதி காலியா கீதுன்னு இன்னொருத்தன் எனக்குப் படிச்சுக் காட்டக் கூடாது. இன்னா சொல்றே?"

நான் தலையாட்டினேன். கூச்ச சுபாவக்காரன். பாதிப் பேச்சைத் தலையை ஆட்டியே முடித்துவிடுவேன். அண்ணன் காத்துக்கொண்டே இருந்தார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. "சரிண்ணே" என்றேன்.

வெப் பக்கம் போடுவது எப்படி என்று வீடியோ பார்த்துக் கொஞ்சம் கற்றிருந்தேன். ஆனால் செய்தது என்ன? ஊதா பின்னணி, தங்க எழுத்து, நடுவில் அண்ணன் படம், கீழே போன் நம்பர் — மொத்தத்தையும் ஒரே படமாக டிசைன் பண்ணி அப்படியே ஒட்டிவிட்டேன். என் மனைவி செல்வி பார்த்துவிட்டு, "கல்யாண மண்டப வாசல் மாரி கீதுங்க!" என்றாள்.

அண்ணனின் போன், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்கிற போன். விரலால் தொட்டார். அது சொன்னது: "படம். ஸ்டீபன் ஃபைனல் ஃபைனல் டூ."

அவ்வளவுதான்.

"இன்னா நைனா... என் பேருக்குப் பின்னாடி டிகிரி எல்லாம் சேத்துகினே?"

படத்துக்குள் இருக்கும் எழுத்து போனுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது நான் வைத்த ஃபைல் பெயர் மட்டும்தான். சரி என்று எல்லாவற்றையும் எழுத்தாக அடித்தேன். பேனருக்குப் பயன்படுத்துகிற அதே பழைய ஃபான்ட். திரையில் அருமையான தமிழ். போன் வாசித்தது: "எம், செமிகோலன், கே, ஸ்லாஷ்..."

"இந்த ராகம் எனக்கு வாசிக்க வராதுப்பா!" என்றார் அண்ணன்.

பேனர் தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரியும். அந்தப் பழைய ஃபான்ட்கள் மேலே தமிழ், உள்ளே இங்கிலீஷ். பிளக்ஸில் அச்சடித்துவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று யார் கேட்கப் போகிறார்கள்? போன் கேட்கிறதே! மறுபடி எல்லாவற்றையும், உள்ளேயும் தமிழாகவே இருக்கிற யூனிகோடு எழுத்தில் அடித்தேன். இப்போது படித்தது. ஆனால் ரயில் மாதிரி, எங்கும் நிற்காமல்.

"தலைப்பு எங்கப்பா? நான் தலைப்பு தலைப்பா தாவித்தான் போவேன்."

"இருக்குதேண்ணே... பெருசா, செவப்பா..."

"செவப்ப நான் எப்புடிப்பா கேக்கறது?"

அந்த ஒரு கேள்வியில் என் மொத்தத் தொழிலும் ஆடிப்போயிற்று. எழுத்தைப் பெரிதாக்கினால் அது தலைப்பு ஆகிவிடாது. 'இது தலைப்பு, இது பத்தி, இது பட்டன்' என்று திரைக்குப் பின்னால் இருக்கும் குறியீட்டில் சொல்ல வேண்டும். அதற்கென்று எல்லோரும் ஒப்புக்கொண்ட முறை இருக்கிறது. நான்தான் கண்ணை நம்பி அதை விட்டுவிட்டேன்.

அப்படியே மாற்றினேன். சனிக்கிழமை மாலை, செல்வி தன் போனில் திறந்து பார்த்தாள்.

"தேதியெல்லாம் போட்டோ பக்கத்துல நசுங்கிப் போயி கீதுங்க. போன் பண்ற பட்டன் எங்க? பட்டாபிராம் வரைக்கும் பூட்ச்சா?"

நசுங்கியதைச் சரிசெய்ய இடைவெளி விட்டேன். இன்னும் கோணியது. தள்ளினேன். பட்டன் அதற்கும் அடுத்த ஸ்டேஷன் நெமிலிச்சேரிக்கே போய்விட்டது. கடைசியில், குறியீட்டைச் சோதித்துத் தப்பு சொல்கிற இலவசத் தளம் ஒன்றில் பக்கத்தைக் கொடுத்தேன். சிவப்பு சிவப்பாக வரிகள்! பயந்துகொண்டே முதல் வரியை மட்டும் பார்த்தேன். குறியீட்டில் போட்டோவுக்காகத் திறந்த பெட்டியை நான் மூடவே இல்லையாம். அதற்கு அப்புறம் வந்த தேதி, பட்டன் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே போய் அடைந்திருக்கின்றன. அதை மூடினேன். மற்ற சிவப்பு வரிகளும் பெரும்பாலும் காணாமல் போயின.

பிரிட்ஜ் கதவைச் சரியாகச் சாத்தாமல் விட்டுவிட்டு, பால் ஏன் கெட்டது என்று பால்காரரிடம் சண்டைக்குப் போகிறோமே... அந்தக் கதைதான்.

மிச்சம் ஒரே ஒரு குறை. 'படத்துக்கு விளக்கம் இல்லை.' படத்தைப் பார்த்தேன். தோன்றியதை எழுதிவிட்டுப் படுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆவடியில் அண்ணன் ஊட்டில் — பாருங்கள், அவரோடு பேசிப் பேசி எனக்கும் ஒட்டிக்கொண்டது — வீட்டில் உட்கார்ந்திருந்தோம். அவர் விரலால் தள்ளித் தள்ளிக் கேட்டார்.

"தலைப்பு. ஸ்டீபன் பாட்டுக்குழு."

மறுபடி பின்னால் போய் அதையே கேட்டார். இன்னொரு தடவையும் கேட்டார்.

"தலைப்பு. தை மாதம் காலியாக உள்ள தேதிகள்." தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டே தேதிகளைக் கேட்டு முடித்தார். "பட்டன். போன் செய்ய." பிறகு, "படம். கீபோர்டு வாசிக்கும் ஸ்டீபன். சிரித்த முகம்."

விரல் நின்றுவிட்டது.

"நான் சிரிச்சுகினா கீறேன்?"

"ஆமாண்ணே. வாசிக்கிறப்போ எப்பவும் அப்புடித்தான் இருப்பீங்க."

"இத்தினி வருசமா ஒருத்தன் கூட சொல்லலியே நைனா..."

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. ஏஜென்ட்.

"இல்ல அண்ணாத்தே. தை மாசத்துலேர்ந்து என் பேர்லயே பண்றேன்... கோவமெல்லாம் இல்ல. மெய்யாலுமேதான். ஆமா, சிரிச்சுகினேதான் சொல்றேன். என் பக்கத்துல எழுதியே கீது, பாரு!"

— தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, ஒருவழியாக எழுதி முடித்தது: கார்த்திகை மாதம், முதல் திங்கட்கிழமை.