நான்கு குழாய்களும் ஒரு குரலும்

1948 மார்ச் 23, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் கிணற்றடியில் குளித்து, கார் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி, ஒலிபெருக்கிக் குழாய்கள் இரண்டையும் துடைத்துக் காரின் மேலே கட்டினேன். அரியலூரில் மைக் செட் வாடகைக்கு விடுவது என் தொழில். அன்று கீழப்பழுவூர்க் கோயிலில் பங்குனித் திருவிழா. மைத்துனரும் நானும் காரில் போனோம்.

காரைக் கோயில் வாசலில் நிறுத்தி, மேலத்தெருவுக்கு ஒரு குழாய், கீழத்தெருவுக்கு ஒரு குழாய் என்று திருப்பிக் கட்டிவிட்டு நான் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது நான்கு குழாய்கள் இருந்தன. தெருவுக்கு ஒன்று போதாதென்று இரண்டு தெருக்காரர்களும் நாடகக் கொட்டகையிலிருந்து ஆளுக்கொன்று கொண்டுவந்து, மைத்துனரைக் கட்ட வைத்திருந்தார்கள்.

அதே நேரத்தில் ஒரு பெண் அழுதுகொண்டு கார் அருகே நின்றாள். நான்கு வயது மகளைக் கூட்டத்தில் தவறவிட்டிருந்தாள். மைத்துனர் மைக்கில் அறிவித்தார். குரல் அமுங்கி, கரகரவென்று வந்தது. ஒரு சொல்கூடப் புரியவில்லை.

"நாலு குழாய் இருக்கு, இன்னும் நல்லா கேக்கணுமே மாமா" என்றார் மைத்துனர்.

"பதினஞ்சு வாட்ஸுங்கறது நம்ம ஆம்ப்ளிபயர் பெட்டியோட மொத்த பலம், மாப்ளே. குழாய் கூடுனா பங்குதான் கூடும்."

சிக்கல் அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு குழாயும் மின்சாரத்துக்குக் காட்டும் எதிர்ப்பு பதினைந்து ஓம். இரண்டைப் பக்கம் பக்கமாக இணைத்தால் அது பாதியாகும். அதற்கேற்ப, ஆம்ப்ளிபயரின் எட்டு ஓம் முனையில்தான் நான் கட்டியிருந்தேன். நான்கையும் அங்கேயே சேர்த்ததால் எதிர்ப்பு நான்கு ஓமுக்கும் கீழே போய்விட்டது. ஆம்ப்ளிபயர் திணறியது, தொட்டால் சுட்டது.

"ரெண்டக் கழட்டிருவோம்" என்றேன்.

"கீழத்தெரு குழாயக் கழட்டுங்க" என்றார் மேலத்தெருக்காரர்.

"ஏன், ஒங்க தெருவுல மட்டும் காது உள்ளவங்க இருக்காங்களா?" என்று கேட்டார் கீழத்தெருக்காரர்.

"எதையும் கழட்டாதீங்கண்ணே" என்றாள் அந்தப் பெண். "எந்தப் பக்கம் போனாளோ, எனக்குத் தெரியலியே."

அதைக் கேட்டதும் நான் காரின் மேலே ஏறினேன். ஒவ்வொரு தெருவின் இரண்டு குழாய்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தேன். ஒரு ஜோடிக்கு முப்பது ஓம் ஆயிற்று. இரண்டு ஜோடிகளையும் பக்கம் பக்கமாக இணைத்தபோது மீண்டும் பதினைந்து. கம்பியை எட்டிலிருந்து அதற்குப் பொருந்தும் பதினைந்து ஓம் முனைக்கு மாற்றினேன். சற்று முன்வரை சண்டையிட்ட இருவரும் கீழே நின்று ஆளுக்கொரு கம்பியைப் பிடித்துக்கொடுத்தார்கள்.

"நீயே கூப்புடும்மா" என்று மைக்கை அவளிடம் தந்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இம்முறை குரல் தெளிவாகப் போயிற்று.

"ராசாத்தி, அம்மா கோயில் வாசல்ல காருகிட்ட நிக்கிறேன்டி. அழுவாத."

"சத்தம் கொறஞ்ச மாதிரி இருக்கே" என்றார் மேலத்தெருக்காரர்.

"சொல்றது புரியுதுல்ல? பேசாம இருங்க" என்றார் மற்றவர்.

அவள் மூன்றாம் முறை கூப்பிடுவதற்குள், கீழத்தெருக் கோடியிலிருந்து ஒரு வளையல்காரம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"மொதல்ல என்னமோ இரைஞ்சுது, ஒண்ணும் வெளங்கல. இப்ப சத்தம் வந்ததும், 'எங்கம்மா'ன்னு இதுவே குழாயக் காட்டுச்சுங்க" என்றார்.

தாய் மைக்கைக் கீழே வைக்க மறந்து குழந்தையை அணைத்தாள். அவள் விம்மலும் சிரிப்பும் இரண்டு தெருக்களிலும் கேட்டன. யாரும் மைக்கை வாங்கவில்லை.

அதுவரை வாட்ஸ் என்பது எனக்குப் பெட்டியில் அச்சிட்ட எண். ஒரு பலம் எவ்வளவு பெரியது என்பதைவிட, அது எதனோடு பொருந்துகிறது என்பதே ஒரு குரல் போய்ச்சேருமா என்பதைத் தீர்மானிக்கிறது என்று அன்றுமுதல் நம்புகிறேன். மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலையாக, மைத்துனர் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு குழாயின் முதுகிலும் வெள்ளைப் பெயிண்டால் அதன் ஓம் எண்ணை எழுதினேன்.