மூன்றாம் நம்பர் வண்டி

வண்டிக் கொட்டகையின் பலகையில் நான்கு ஆணிகள் இருந்தன. ஒவ்வோர் ஆணிக்கும் மேலே வெள்ளைப் பெயிண்டில் ஓர் எண், வண்டிக்கு ஒன்றாக. நாளைக் காலை வண்டி வேண்டும் என்பவர் இன்று மாலையே வந்து, தன் பெயர் எழுதிய தகரத் தகட்டைச் சாவியோடு சேர்த்து அந்த ஆணியில் மாட்டிவிட வேண்டும். காலையில் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு போவார், தகடு அங்கேயே தொங்கும். எந்த வண்டி யாரிடம் இருக்கிறது என்று பலகையைப் பார்த்தால் தெரிந்துவிடும். போன வருஷம், ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் கலைந்து ஊர் பழையபடி ஆன வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் மகளின் பெயர் எழுதிய தகடு கொட்டகைக்குப் பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரரின் உள்ளங்கையில் இருந்தபடி என் வீட்டு வாசலுக்கு வந்தது.

இப்போது அந்த வண்டிச் சங்கத்தை மறுபடியும் திறக்கலாமா என்று பேசுகிறார்கள். மாதச் சந்தா கொடுத்துப் பொது வண்டி ஓட்டுவது தகுமா, தகாதா என்று என்னைக் கேட்கிறார்கள். முதல் உறுப்பினர்களில் நானும் ஒருவன். அதனால் என் வாய்ச்சொல்லுக்கு ஒரு மதிப்பு உண்டு. சங்கத்தை ஆரம்பித்தவரின் மேல் ஊர் ஒரு பழியைப் போட்டு வைத்திருக்கிறது. அந்தப் பழி அவருடையது அல்ல என்பது எனக்குத் தெரியும். ஒரு வருஷமாக வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன்.

அவரை நாங்கள் சூப்பிரண்டு சார் என்போம். என் அலுவலகத்தில் எனக்கு மேலதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். காகிதத்தில் இருப்பதுதான் உண்மை என்று நம்பியவர். ‘ஃபைல்ல இல்லன்னா நடக்கலன்னு அர்த்தம்வே’ என்பார். ஓய்வுக்குப் பிறகு, தறிகளை விற்றுவிட்டு ஒருவர் காலியாக விட்டிருந்த கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, பழைய பைக்குகள் நான்கை வாங்கி நிறுத்தினார். ‘ஒவ்வொரு வீட்டு வாசலையும் பாரும். வண்டி ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் ஓடுது. மிச்ச நேரம் பூராவும் வெயில்ல நிக்கி. நிக்கிறதுக்கா தவண கட்டுதீரு?’ என்று கேட்டார். தறிக்குப் பாவு ஓட்டுகிறவர்கள், டைலர்கள், வாத்தியார்கள் என்று இருபது பேருக்கு மேல் சேர்ந்தோம். பக்கத்து ஊரான கரிவலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த என் மகளும் சேர்ந்தாள்.

அவர் வகுத்த விதி ஒன்று முக்கியமானது. பலகைக்குக் கீழே நூலில் கட்டிய ஒரு நோட்டு தொங்கும். அதற்குப் பெயர் குறை நோட்டு. வண்டியில் சிறு குறை தென்பட்டாலும் ஓட்டியவர் அதில் எழுத வேண்டும். தினமும் விடிந்ததும் அவர் வந்து நோட்டைப் படிப்பார். எழுதியிருந்தால் அந்த வண்டி மெக்கானிக்கிடம் போகும். எழுதாவிட்டால் துடைத்து, காற்றும் எண்ணெயும் பார்த்து, நிறுத்திவிடுவார். நோட்டில் இல்லாத குறை அவரைப் பொறுத்தவரை வண்டியிலும் இல்லை.

பொது வண்டி ஓட்டுவதில் ஒரு சங்கடம் உண்டு. அதை யாரும் வெளியில் சொல்லிக்கொள்வதில்லை. மாலையில் சாவியைப் போட்டு உட்கார்ந்தால் சீட்டில் இன்னொருவருடைய சூடு இருக்கும். கண்ணாடியில் சாலை தெரியாது. முன்னால் ஓட்டியவரின் உயரத்துக்குத் திருப்பப்பட்டு, அதில் வெறும் வானமோ, நம்முடைய கழுத்து மட்டுமோ தெரியும். நமக்கு ஏற்றபடி திருப்பும்போது, யாரையோ தள்ளிவிட்டு உட்காருவதுபோல் இருக்கும். எனக்கு இந்த மாதிரி எண்ணங்கள் அதிகம். மகள் வண்டி ஓட்ட ஆரம்பித்த பிறகு இன்னும் அதிகம். ‘போய்ச் சேந்ததும் போன் பண்ணு’ என்று நான் தினமும் சொல்லி, அவள் ஒருநாள் கத்தி, இனிமேல் அவள் பயணத்தில் தலையிட மாட்டேன் என்று அவளுக்கு நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஒரு கனவு வந்தது. எங்கள் தெருவில் மூன்றாம் நம்பர் வண்டி மெதுவாக வருகிறது. மேலே ஆள் இல்லை. இண்டிகேட்டர் விட்டு விட்டு எரிகிறது. எங்கள் வாசலுக்கு நேரே வந்ததும் அது நிற்கப் பார்க்கிறது, நிற்க முடியவில்லை. அவ்வளவுதான். எழுந்து உட்கார்ந்தபோது என் வலது கை எதையோ இறுக்கிப் பிடித்திருந்ததுபோல் வலித்தது.

மகளிடம் சொல்ல முடியாது, வாக்குக் கொடுத்திருக்கிறேன். சூப்பிரண்டு சாரைக் கூப்பிட்டேன்.

‘சார், இன்னைக்கு அவளுக்கு வண்டி குடுக்காதீங்க. ஏதாவது சாக்கு சொல்லிருங்க.’

‘ஏன்வே, என்ன விசயம்?’

‘ஒரு கெட்ட கனவு சார்.’

அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. ‘கனவுக்கெல்லாம் வண்டிய மாத்துனா சங்கத்த இழுத்து மூடிட்டுப் போகவேண்டியதுதான். சர்வீஸ்ல ஒரு பொய் எழுதாதவன் நான். உம்ம கனவுக்காண்டி ஒரு பிள்ளகிட்டப் போயிப் பொய் சொல்லச் சொல்லுதீரு. போயித் தூங்கும்வே.’

மறுத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். மகள் கிளம்பிப் போனாள். நான் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தேன்.

அன்றைக்கு மாதாந்திர மின்தடை. ஒன்பது மணிக்குக் கரண்ட் போனதும் தெரு முழுவதும் விசைத்தறிகள் ஒரே சமயத்தில் நின்றன. இந்த ஊரில் பிறந்தவர்களுக்குத் தறிச்சத்தம் காதில் விழாது, அது நின்றால்தான் விழும். அந்த அமைதியில், வாசலில் செருப்புகூடக் கழற்றாமல் பட்டறைக்காரர் வந்து நின்றார். கையில் தகடு.

‘அண்ணாச்சி, அவசரத்துக்குன்னு வண்டியில ஒட்டிருக்க என் நம்பருக்குப் போன் வந்துச்சு. கரிவலம் ரோட்டுல நம்ம மூணாம் நம்பரு லாரிக்கடியில கெடக்காம். தூரத்துல இருந்து பாத்தவன் சொல்லுதான். ஹெல்மெட்டு போட்டிருக்காம், மொகம் தெரியலயாம்.’ தகடு இருந்த கையை என் முன்னால் நீட்டினார். ‘ஓடிப்போயிப் பலகையப் பாத்தேன்’ என்று மட்டும் சொல்லிக் கையை விரித்துக் காட்டினார்.

மகளின் போனுக்கு அடித்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. என் மனைவி அடுக்களை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். யார் போய்ச் சொன்னார்களோ, பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலிகளை வாசலில் வரிசையாகப் போட ஆரம்பித்தார். அந்த நாற்காலிகள் தரையில் உரசிய சத்தத்தை என்னால் மறக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்துக்கு என் மகள் இந்த ஊரில் இறந்தவளாக இருந்தாள். அது நடந்து முடிந்த காரியமாக இருந்தது. அவளுடைய துப்பட்டா கொடியில் காய்ந்துகொண்டிருந்ததை ஒரு பெண் எடுத்து மடித்து உள்ளே வைத்தாள்.

அப்போது மேசைமேல் என் போன் அடித்தது. திரையில் மகளின் பெயர்.

யாரும் அதை எடுக்கவில்லை. எல்லோருக்கும் அதன் அர்த்தம் தெரியும். விபத்தில் போனவருடைய போனிலிருந்துதான் போலீஸ் வீட்டுக்குப் பேசும். நான் எடுத்துக் காதில் வைத்து, ‘நீங்க யாரு பேசுதீங்க?’ என்று என் மகளிடம் கேட்டேன்.

‘அப்பா, நான்தாம்ப்பா. எதுக்கு இத்தன தடவ அடிச்சிருக்கீங்க? போன் லாக்கர்ல இருந்துச்சு.’

‘நீ எங்கட்டி இருக்க?’

‘வேலையிலதான். வண்டி பிரேக் சரியில்லன்னு சூப்பிரண்டு சார் கொட்டக வாசல்லயே நிறுத்திட்டாரு. பஸ்ல வந்தேன்.’

நான் சிரித்தேன். சத்தமாக, எல்லோருக்கும் முன்னால் சிரித்தேன். நாற்காலி போட்டவரைக் கட்டிப் பிடித்தேன். எவ்வளவு நேரம் அந்தச் சந்தோஷம் இருந்தது என்று தெரியாது. சிறிது நேரம்தான். ஆனால் இருந்தது. பிறகு பட்டறைக்காரர் மெல்லக் கேட்டார்: ‘அப்போ வண்டியில போனது யாரு அண்ணாச்சி?’

சூப்பிரண்டு சார் தனக்கென்று தகடு செய்துகொண்டதே இல்லை.

மற்றதைக் கரிவலம் ரோட்டு மெக்கானிக் என்னிடம் சொன்னார். அன்று காலை சூப்பிரண்டு சாரிடமிருந்து அவருக்குப் போன் வந்திருக்கிறது. ‘பிரேக்குல ஒரு கோளாறும் இல்லடே. ஒரு பொய் சொல்லிட்டேன். கொண்டாரேன், நீ கழட்டி மாட்டி வச்சிரு. பொய் நெசமாயிரும்.’ என் கனவை அவர் நம்பவில்லை, ஆனால் எனக்காக இரங்கிவிட்டார். பொய் சொன்னார். சொன்ன பொய் உறுத்தவே அதை உண்மையாக்கக் கிளம்பினார். வளைவில் ஒரு லாரி பின்னோக்கி வந்திருக்கிறது. வலது கணுக்கால் சரியாக மடங்காததால் கைப்பிரேக்கையே நம்பி ஓட்டுகிறவர் அவர். இழுத்ததும் கம்பி அறுந்துவிட்டது. ‘ஒரே ஒரு புரியிலதான் தொங்கிக்கிட்டு இருந்திருக்கு. ரெண்டு மூணு நாளாவே ஓட்டுனவங்க கைக்குத் தெரிஞ்சிருக்கும்’ என்றார் மெக்கானிக். பிரேக் கெட்டிருக்கிறது என்று சூப்பிரண்டு சார் சொன்னது உண்மை. அதைப் பொய் என்று நம்பியதால் பயமில்லாமல் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

அதற்குப் பிறகு மகளைப் பார்த்த சிலர் ஒரு கணம் தயங்கி, பிறகுதான் பேசினார்கள். ஒருத்தி பேச்சுவாக்கில் அவள் கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சூப்பிரண்டு சாரைப் பற்றி, பிரேக் போன வண்டியை ஊராருக்கு ஓட்டக் கொடுத்த மனுஷன் என்றார்கள். தன் தப்புக்குத் தானே போய்ச் சேர்ந்தார் என்றார்கள். என் கனவைப் பற்றி மட்டும் அதிசயமாகப் பேசினார்கள். பட்டறைக்காரரிடம் நான்தான் அதைச் சொல்லியிருந்தேன். தகப்பன் மனசுக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது பாருங்கள் என்றார்கள்.

தெரியத்தான் செய்தது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ராயகிரிக்கு ஒரு நிச்சயதார்த்தத்துக்கு மூன்றாம் நம்பரை எடுத்துக்கொண்டு போனவன் நான். திரும்பும்போது ரயில்வே கேட்டில் பிரேக்கைப் பிடித்தேன். கைப்பிடி வரைக்கும் வந்து ஒட்டியது. வண்டி கொஞ்சம் தள்ளிப்போய்த்தான் நின்றது. கொட்டகைக்கு வந்து சாவியை மாட்டினேன். நோட்டு இருந்தது. பேனா கீழே எங்கோ விழுந்து கிடந்தது. மழை வரும்போல் இருந்தது, பசித்தது. அடுத்து எடுக்கிறவர் எழுதுவார் என்று வந்துவிட்டேன். வந்தவன் மறந்தும்போனேன். மறக்காதது கை மட்டும். அது இரண்டு நாள் கழித்துக் கனவாக வந்து சொன்னதை, நான் அவரிடம் கனவு என்றே சொன்னேன். பிரேக் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் வீட்டு வண்டியாக இருந்தால் அன்றைக்கே மெக்கானிக்கிடம் விட்டிருப்பேன். எல்லோருடைய வண்டி என்பதால் விடவில்லை. சந்தா தகுமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான். இதை எப்படிச் சொல்வது?

போன வாரம் கூட்டம் போட்டார்கள். சூப்பிரண்டு சாரின் மனைவியையும் வரச் சொல்லியிருந்தார்கள். கொட்டகைச் சாவி அந்த அம்மாவிடம்தான் இருக்கிறது. ஒருவர் எழுந்து, ‘இனிமேலாவது வண்டிய ஒழுங்காப் பாக்குற ஆளாப் போடணும்’ என்றார். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி, ‘நான் மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன்’ என்றார்கள். நான் என் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மகள் சுடிதாரை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரயில்வே கேட், எழுதாத நோட்டு, சாக்குச் சொல்லச் சொல்லி விடியற்காலையில் பேசிய போன், எல்லாம். அவள் அயர்ன் பாக்ஸை நிமிர்த்தி வைத்தாள். சுவிட்சை அணைத்தாள். அதன் சிவப்பு விளக்கு அணைவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

‘அப்போ அவரு பிரேக்குன்னு சொன்னது சும்மாவாப்பா?’

‘சும்மாதான். நான் சொல்லச் சொன்னது.’

‘திங்கக்கெழம அந்த வண்டிய நான்தாம்ப்பா எடுத்தேன். லூசாத்தான் இருந்துச்சு. நானும் எழுதல.’ சுடிதாரை மடித்து ஓரமாக வைத்தாள். ‘காலைல அவரு சொன்னப்போ, ஆமா சார், நேத்தே பிரேக் பிடிக்கலன்னு சொன்னேன். அவரு சிரிச்சாரு. நீ ரொம்ப நல்ல பிள்ள மக்கான்னு தலையில கைய வச்சாரு. எதுக்குச் சிரிச்சாருன்னு ஒரு வருசமா நெனச்சுக்கிட்டே கெடக்கேன்.’

தன் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டு, பெரியவர் மனம் நோகக் கூடாதென்று அதற்கு ஒத்து ஊதுகிறாள் என்று அவர் நினைத்திருக்கிறார். உயிரைக் காப்பாற்றக்கூடிய ஒரே வார்த்தை அவர் காதில் விழுந்துதான் இருக்கிறது. அதை அவர் அன்பு என்று எடுத்துக்கொண்டார்.

இருவரும் நடந்தே போனோம். சூப்பிரண்டு சார் வீட்டுக் கதவைத் தட்டியதும் அந்த அம்மா வந்து திறந்தார்கள். என்னைப் பார்த்தார்கள், பின்னால் நின்ற மகளைப் பார்த்தார்கள்.

‘வாங்க தம்பி. வாட்டி மக்கா. சந்தா விசயமா வந்தீயளா? உக்காருங்க, காப்பி போடுதேன்.’

‘காப்பி வேண்டாம்மா’ என்றேன். நாங்கள் உட்காரவில்லை. ‘மொதல்ல நாங்க சொல்லுறதக் கேட்டுருங்க. அதுக்கப்புறம் உக்காரச் சொல்லணும்னு தோணுனாச் சொல்லுங்க.’